காரியம் முடிந்த கையோடு வரும் பத்திரம்

கடலூரில் பல வருடமாக சிவில் வழக்குகள் பார்க்கிறேன். குடும்பச் சொத்தில் பாகம் கேட்டு என்னிடம் வருகிற பெண்களில் பலர் மஞ்சள் பையில் ஒரு பத்திர நகலையும் எடுத்து வருவார்கள். பிரித்தால் பெரும்பாலும், தன் பாகத்தைக் கூடப்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிய விடுதலைப் பத்திரம்தான், கையெழுத்துப் போட்டு நாலைந்து வருடம் ஆகியிருக்கும். "படிச்சுப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டால், "தம்பி சொன்னான் மேடம், போட்டுட்டேன்" என்பார்கள்.

இவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். தம்பியை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அவர் சம்பளம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் அப்பாவின் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தபோது, மறுபடி கன்று வைத்ததும் போர் போட்டதும் அவர் சம்பளத்தில்தான். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது, வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, போட்டோவுக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு மத்தியானம் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.

என் மேசையில் வைத்து இரண்டாம் பக்கத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன். "எனக்குள்ள பாத்தியதைக்காக ரூபாய் இரண்டு லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" என்ற வரியில் விரல் நின்றுவிட்டது. ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை. தினமும் பிள்ளைகள் நோட்டில் பிழை திருத்துகிற அந்தக் கை, தன் பெயரில் எழுதிய நான்கு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. தம்பி எதிரில் படித்தால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்ததாம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பொறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமோ, நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் வந்து நிற்பானா என்ற பயம் எனக்கும் புரிகிறது, நானும் இரண்டு அண்ணன்களுக்குத் தங்கைதான். ஆனால் இந்தப் பயத்தை வைத்தே கையெழுத்து வாங்குகிறார்கள். "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பதும் அப்படித்தான், நகை போட்டதாலும் கல்யாணச் செலவு செய்ததாலும் மகளின் பாகம் தீர்ந்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? (இந்துக் குடும்பங்களுக்கானதைச் சொல்கிறேன், கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் விதிகள் வேறு.) அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன், மகள், மனைவி, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவர், எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில்தான் நெடுங்காலம் பெண்ணுக்கு இடமில்லாமல் இருந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், 60 வருடம் கழித்து 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது, அதுவும் 25.3.1989க்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 9.9.2005இல் அமலான மத்திய அரசின் திருத்தத்தில்தான் அந்தப் பாகுபாடும் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து, தேவையில்லை என்றது. 20.12.2004க்கு முன்பே பதிவான அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினையையும், அதற்கு முன்பே நடந்த விற்பனை போன்றவற்றையும் இது தொடாது.

அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளிடம் "அண்ணனுக்கு விட்டுக்கொடுடி" என்று பேசுகிற அம்மா, அதே பத்திரத்தில் தன் பாகத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார், அது தனக்கும் சேர்ந்த சொத்து என்பதே பலருக்குத் தெரிவதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இட்லி சுட்டு விற்கிற ஒரு அம்மா என் கட்சிக்காரர். அவர் ரேகை வைத்த வீட்டை மகன் ஒரே வருடத்தில் விற்றுவிட்டார். பராமரிப்பு கேட்கவாவது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. போன வீடு போனதுதான்.

பாகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கஷ்டப்படுகிற தம்பிக்கு மனசாரக் கொடுக்கிற அக்காக்களையும் பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் தெரிந்துகொண்டு கொடுங்கள், அம்மாவின் பாகம் மட்டும் அம்மா பெயரிலேயே இருக்கட்டும். பத்திர வரைவை வீட்டுக்கு வாங்கிவந்து இரண்டு நாள் வைத்துப் படியுங்கள், சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், கைக்கு வராத பணத்தை வந்ததாக எழுதியிருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருவர் இப்படித்தான் வரைவைக் கையோடு வாங்கிவந்தார், அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை, அப்புறம் மகள் காதுகுத்துக்குச் சீர்த்தட்டோடு வந்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஏமாற்றி வாங்கியது என்றால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வக்கீல் பீஸுக்குப் பயந்தும் நிற்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100க்கு போன் செய்யலாம். போகும்போது பத்திர நகல், அப்பாவின் மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் போங்கள், மூலப்பத்திரம் தம்பியிடம் இருந்தால் பத்திர எண்ணையும் வருடத்தையும் குறித்து வைத்துக்கொண்டு போனாலே போதும், நகல் எடுத்துக்கொள்ளலாம்.