கீழே கிடந்த செல்போன்: முதலில் அணைக்காமல் இருங்கள்

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம் கலைந்த பிறகு செருப்பு விடும் இடத்தில் ஒரு போன் கிடக்கும். குன்றக்குடி மலைப்படியில் ஒன்று, காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒன்று. எடுக்கிறவர் பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் எடுத்ததும் கை தானாக ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து போனை அணைத்துவிடுகிறது. சார்ஜ் மிச்சமாகட்டும் என்பது சிலர் கணக்கு. மணி அடித்தால் நம்மைத் திருடன் என்று நினைத்துவிடுவார்களோ என்பது சிலர் பயம்.

செல்போன் கடை சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால், கண்டெடுத்த போன் உரியவர் கைக்குப் போகாமல் நிற்பதற்கு எடுத்தவரின் கெட்ட எண்ணத்தைவிட இந்த ஒரு அழுத்தலே பல நேரம் காரணமாக இருக்கிறது. போனைத் தொலைத்தவர் அடுத்த நிமிடமே பக்கத்தில் நிற்பவர் போனை வாங்கித் தன் நம்பருக்குத்தான் அடிப்பார். அந்த மணி அடிக்கிற வரைக்கும் போனை விழித்திருக்க வைப்பதுதான் உங்கள் வேலை. உரியவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம்.

அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் என்ன கெட்டுப்போகிறது? பூட்டுள்ள ஸ்மார்ட்போன் மறுபடி உயிர் பெற்றாலும், பூட்டைத் திறக்கும் வரை உள்ளே இருக்கும் தகவல்கள் படிக்க முடியாத சங்கேத வடிவில், அதாவது குறியாக்கத்துக்குள்ளேயே கிடக்கும். தொடர்புப் பட்டியலும் அதில் அடக்கம். அதனால் திரையில் 'ஆயா வீடு' என்று பெயர் வர வேண்டிய அழைப்புக்கு வெறும் பத்து இலக்கம்தான் வரும். வாட்ஸ்அப் அழைப்பு வராது. ஐபோனாக இருந்தால் வீட்டு வைஃபையிலும் தானாகச் சேராது. சிம்முக்கு பின் நம்பர் போட்டிருந்தால் அந்த சாதாரண அழைப்பும் கிடையாது. அணைக்காமல் இருந்தால் வந்திருக்கக்கூடிய நாலு வழியில் மூன்றை நாமே அடைத்துவிடுகிறோம்.

விமான முறையும் இதே கதைதான். பல போன்களில் பூட்டைத் திறக்காமலே மேலிருந்து விரலை இழுத்தால் அந்தப் பொத்தான் கிடைக்கும். தெரியாமல் பட்டுவிடும். மேலே விமானப் படம் தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள், தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். நம் செட்டிநாட்டு வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டாம் கட்டு அறைக்குள் கொண்டுபோய் பீரோவிலோ இரும்புப் பெட்டியிலோ வைத்துவிடுவார்கள். சுண்ணாம்புக் காரை போட்ட அந்தக் கனத்த சுவரே சிக்னலைப் பாதி தின்றுவிடும். மிச்சத்தை இரும்பு தின்றுவிடும். சிக்னல் கிடைக்காத போன் சும்மாவும் இருக்காது. டவரைத் தேடித் தேடி பேட்டரியைக் காலி செய்யும். முகப்பில் வையுங்கள், இல்லை வளவில் வானம் தெரியும் பக்கம் ஒரு ஸ்டூலில் வையுங்கள். வெயில் நேரடியாகப் படக் கூடாது. சூடேறிய போன் எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும்.

சார்ஜ் குறைவாக இருந்தால் தாராளமாகப் போடலாம். சாதாரண சுவர் சார்ஜர் போதும். கம்ப்யூட்டரில் மட்டும் சொருகாதீர்கள். உள்ளே இருப்பதை எடுக்கப் பார்த்தீர்கள் என்ற பேச்சுக்கு அது இடம் கொடுக்கும். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ சார்ஜ் போடவே கூடாது.

அணைக்காதே என்ற விதிக்கு ஒரே விலக்கு தண்ணீர். ஊருணிப் படியிலோ கோயில் தெப்பக்குளத்து ஓரத்திலோ நனைந்து கிடந்த போனை அணைத்துவிட வேண்டும், சார்ஜரை அண்டவிடக் கூடாது. சார்ஜ் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி நீரை வெளியேற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசித் தூளும் நொய்யும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே ஐபோனுக்கு அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது.

சிம்மைக் கழற்றி உங்கள் போனில் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழக்கமான தப்பு. எண்ணம் நல்லதுதான், யாராவது கூப்பிட்டால் பேசலாமே என்று. ஆனால் சிம் வெளியே வந்த நொடியில் தொலைத்தவர் அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். திருட்டுதான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அதைவிடப் பெரிய வில்லங்கம், வங்கி ஓ.டி.பி. எல்லாம் உங்கள் போனுக்கு வந்து விழும். அந்த நேரத்தில் அவர் கணக்கில் வேறு யாரோ கை வைத்திருந்தாலும் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பூட்டை ஊகித்துப் பார்ப்பதும் ஆகாது. ஐபோனில் தப்பாகப் போடப் போட காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். உரியவர் அப்படி அமைத்து வைத்திருந்தால் பத்தாவது தப்பில் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். பேத்தி காதுகுத்துப் படமெல்லாம் அதில் இருந்திருக்கலாம்.

பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடியவை இரண்டு மூன்று உண்டு. ஆண்ட்ராய்டில் பூட்டுத் திரையை மேலே தள்ளினால் 'அவசர அழைப்பு' என்று இருக்கும். அதைத் தொட்டால் அவசரகாலத் தகவல் என்ற பகுதி வரும். அதில் உரியவர் கொடுத்து வைத்திருந்தால் உறவினர் பெயரும் நம்பரும் இருக்கும், அங்கிருந்தே அடிக்கலாம். ஐபோனில் அதே அவசரத் திரையின் கீழே 'மெடிக்கல் ஐ.டி.' இருக்கும். ஐபோனின் குரல் உதவியான 'சிரி'யை எழுப்பி 'ஹூஸ் ஐபோன் இஸ் திஸ்' என்று கேட்டால், சொந்த விவரத்தைப் பதிந்தவர்களின் போனில் பெயர் அட்டை காட்டும். இதற்காக 112-க்கு அடித்துவிடாதீர்கள், அது ஆபத்துக்கான எண்.

சில நேரம் போன் தானே கத்தத் தொடங்கும். உரியவர் வேறு போனிலிருந்து தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் கூகுள் வசதியில் போய் மணி அடிக்கச் செய்திருக்கிறார் என்று பொருள். சைலன்டில் இருந்தாலும் முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் அடிக்கும். பயந்து தூக்கிப் போட வேண்டாம். திரையைப் பாருங்கள், தொலைந்ததாகக் குறித்திருந்தால் அவர் எழுதிய செய்தியும், கூப்பிட வேண்டிய நம்பரும் அங்கேயே நிற்கும்.

பெரியவர்களின் பட்டன் போனில் பூட்டே இருக்காது. பச்சைப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் கடைசியாகப் பேசியவர்கள் வரிசை வரும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்திருக்கும் பெயர்தான் வீட்டு ஆள். வேலிடிட்டி முடிந்து வெளி அழைப்பு போகாவிட்டால் அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு உங்கள் போனிலிருந்து அடியுங்கள். பூட்டில்லாத ஸ்மார்ட்போனுக்கும் அழைப்பு வரிசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப், கேலரி, ஜிபே பக்கம் விரல் போகக் கூடாது.

அழைப்பு வந்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் தொலைத்தவராகவே இருக்க வேண்டியதில்லை. மகனோடு பேச வழக்கம்போல் அடித்த தாயாராக இருக்கலாம். புதுக் குரல் கேட்டதும் அவர் நினைப்பு விபத்துக்குத்தான் போகும். "ஆச்சி, பதறாதீக. இந்த போன் புதுவயல் பஸ்ஸுல கெடந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன். போன்காரவுகள இதே நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்க" என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பேச்சில் பேட்டரி போகலாம்.

கல்யாண சீசனில் சிங்கப்பூர், மலேசியா சிம் போட்ட போன்கள் கிடைக்கும். +65, +60 என்று தொடங்கும் நம்பர் வரும். அவர்களுக்கு ரோமிங்கில் நிமிடத்துக்குக் காசு ஓடும். சுருக்கமாகப் பேசி உங்கள் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் வரச் சொல்லுங்கள். கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்று கேட்டாலே கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பாதி வேலை முடிந்துவிடும்.

வருகிறவர் உண்மையான ஆள்தானா? இங்கேதான் நல்லவர்கள் ஏமாறுகிறார்கள். "நீலக் கலர், மூலையில கீறல் உள்ள போனா?" என்று நீங்களே அடையாளத்தைச் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆமாம் போடலாம். அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். உறை எப்படி, பூட்டுத் திரையில் என்ன படம், கடைசியாக யாரோடு பேசினீர்கள் என்று கேளுங்கள். கைரேகை வைத்தோ நம்பர் போட்டோ உங்கள் கண் முன்னால் திறந்து காட்டினால் அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். திறந்த பிறகு *#06# போட்டு, வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, அவர் கொண்டுவந்த பில்லோடு ஒத்துப் பார்க்கலாம். உறைக்குள் ஏ.டி.எம். கார்டோ பணமோ இருந்தால் எடுத்த இடத்திலேயே இன்னொருவர் முன்னால் எண்ணி வைத்திருக்க வேண்டும். பணம் குறைந்தது என்ற பேச்சு பிறகு வந்தால், போன் கொடுத்த புண்ணியமெல்லாம் போய்விடும்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதானாலும் இதே கணக்குதான். 'இன்ன தேதி, இன்ன சாலையில் ஒரு செல்போன் கிடைத்தது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெறலாம்' என்பதோடு சரி. போன் படம் போட வேண்டாம். கோயில் மைக்கில் சொல்லச் சொன்னாலும் கலரும் கம்பெனியும் வெளியே வரக் கூடாது.

ஒரு ராத்திரி பார்க்கலாம். அதற்கு மேல் வீட்டில் வைத்திருப்பது நல்லதல்ல. பஸ்ஸில் கிடைத்தால் இறங்குவதற்குள் கண்டக்டரிடம் கொடுத்து, வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைத்தவர் டிப்போவில்தான் வந்து கேட்பார். ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில்வே போலீஸிடமோ கொடுக்கலாம், 139-லும் சொல்லலாம். கோயிலில் என்றால் அலுவலகத்தில் கொடுங்கள், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பையனிடம் அல்ல. மற்ற இடம் எதுவானாலும் அந்த எல்லைக்குரிய காவல் நிலையம். வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். கிடைத்த இடம், தேதி, நேரம், கம்பெனி, நிறம், கீறல், பூட்டியிருந்ததா, உறையில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள், காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். 'வச்சிட்டுப் போங்க தம்பி' என்றாலும் சிரித்துக்கொண்டே நின்று வாங்கிவிட்டு வாருங்கள்.

கிடைத்தது நமக்கு என்று வைத்துக்கொண்டால்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு இதற்குத்தான். குறைந்தது 6 மாதம், கூடினால் 2 ஆண்டு சிறை, அதோடு அபராதம். உரியவரிடம் சேர்க்கும் நோக்கத்தில் எடுப்பது குற்றமல்ல என்று அதே பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல், நியாயமான காலம் காத்திராமல் சொந்தமாக்கிக்கொள்வதுதான் குற்றம். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் வைத்திருந்தவர் 'யாருடையது என்று தெரியவில்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோச் செலவைக் கேட்பதில் தவறில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 168-வது பிரிவு கண்டெடுத்தவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. உரியவர் முன்கூட்டியே இவ்வளவு தருகிறேன் என்று அறிவித்திருந்தால் அதையும் கேட்கலாம். அறிவிக்காத பணத்தை போனிலேயே பேரம் பேசுவது வேறு கதை. அந்தப் பேச்சை எதிர்முனையில் பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

தாமதமானால் இன்னொன்றும் நடக்கும். தொலைத்தவர் சிம்மை முடக்கி டூப்ளிகேட் வாங்கிவிடுவார். உங்கள் கையில் இருக்கும் போனுக்கு அதன் பிறகு சாதாரண அழைப்பு வராது. காவல்துறைப் புகார் நகலோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போன்களை முடக்கும் சி.இ.ஐ.ஆர். பகுதியில் பதிந்து கருவியையே முடக்கிவிடுவார். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. முடக்கிய போனில் எந்த கம்பெனி சிம் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காது. போட்டுப் பார்த்த சிம் யாருடையது என்ற தகவல் காவல்துறைக்குப் போய்விடும்.

இதனால் போன் திரும்பக் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி நிற்கிறது. 'போன் வந்துருச்சு, ஆனா சிக்னலே வரல, கீழ விழுந்ததுல போர்டு போயிருச்சு போல' என்று கடைக்கு எடுத்து வருகிறவர்கள் உண்டு. போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, முடக்கம் நீக்கப்படவில்லை, அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்கும்போதே முடக்கினீர்களா என்று கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அதே தளத்தில் முடக்க நீக்கக் கோரிக்கையை அவர்தான் போட வேண்டும். பதிந்தபோது கிடைத்த கோரிக்கை எண், காரணம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூன்றும் வேண்டும். டூப்ளிகேட் சிம் அன்றுதான் வாங்கியது என்றால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, அதனால் ஓ.டி.பி.யும் வராது. மறுநாள் போட்டால் போதும்.