டி-ஷர்ட் பிரிண்டிங் தொழிலுக்கு 35% மானியம்: யாருக்கு, எப்போது, எந்தக் கணக்கில்?

டி-ஷர்ட் பிரிண்டிங் யூனிட் போட நினைத்து மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறவர்கள், மானியம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அது எப்போது வருகிறது, யார் கணக்கில் போய் உட்காருகிறது என்று தெரியாமல் கடனில் இறங்கினால், முதல் வருடத்திலேயே மூச்சு முட்டும்.

இங்கே சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றி. பேச்சில் பிஎம்இஜிபி லோன். முன்பிருந்த இரண்டு திட்டங்களை இணைத்து 2008-ல் தொடங்கினார்கள். நாடு முழுவதும் நடத்துவது கேவிஐசி எனப்படும் காதி கிராமத் தொழில் ஆணையம். தமிழ்நாட்டில் ஆணையம், கதர் கிராமத் தொழில் வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய மூன்றில் எதன் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 2022 முதல் உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் என்பது திட்டச் செலவின் உச்சவரம்பு. ஒரு ஹீட் பிரஸ் (சூட்டில் அழுத்திப் படத்தைத் துணியில் ஒட்டும் மெஷின்), ஒரு டிடிஎஃப் பிரிண்டர் (அந்தப் படத்தை முதலில் ஃபிலிமில் அச்சிடுவது), நாலு கலர் ஸ்கிரீன் டேபிள் என்று தொடங்குகிறவருக்கு அந்த வரம்பு வெகு தூரம்.

18 வயது நிரம்பியிருந்தால் போதும். வருமான வரம்பு கிடையாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். உற்பத்தித் தொழிலில் ரூ.10 லட்சத்துக்கு மேலும், சேவைத் தொழிலில் ரூ.5 லட்சத்துக்கு மேலும் போனால் எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். உங்கள் தொழில் உற்பத்தியா சேவையா என்ற கேள்வி இங்கேதான் முளைக்கிறது. துணியிலும் ஆயத்த ஆடையிலும் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவது, தொழில் வகைப்பாட்டில் ஜவுளி உற்பத்தியின் கீழ், 1313 என்ற பிரிவில் வருகிறது. காகித அச்சகத்தோடு சேர்ந்ததல்ல. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் பிளெயின் டி-ஷர்ட் வாங்கிப் பிரிண்ட் போட்டு விற்கிறவர் தயங்காமல் உற்பத்தி என்றே குறிக்கலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் ஜாப் ஒர்க் மட்டும் செய்கிறவர், எந்தப் பிரிவில் போடுவது என்று விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ரூ.6 லட்சம் திட்டத்தைச் சேவை என்று எழுதிவிட்டால், எட்டாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுபோகும்.

இன்னொரு நிபந்தனையில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். இது புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கனவே நடக்கும் யூனிட்டுக்குக் கிடையாது. வேறு அரசுத் திட்டத்தில் மானியம் வாங்கிய யூனிட்டுக்கும் கிடையாது. ஆர்வக் கோளாறில் முதலில் மெஷினை வாங்கிப் போட்டு, உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவும் எடுத்து, நாலு மாதம் ஓட்டிவிட்டு லோனுக்குப் போனால், அந்தப் பதிவுச் சான்றே தொழில் ஏற்கனவே நடக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகிவிடும். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் உடனே கிடைப்பது. அதற்கு அவசரமே இல்லை.

கணக்கைப் பார்ப்போம்

பொதுப் பிரிவு ஆணுக்கு நகர்ப்புறத்தில் 15%, கிராமப்புறத்தில் 25% மானியம். சொந்தப் பங்கு 10%. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள், முன்னாள் படைவீரர்கள் சிறப்புப் பிரிவு. இவர்களுக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35%; சொந்தப் பங்கு 5% போதும். இது மத்திய அரசுத் திட்டம் என்பதால், பிசி, எம்பிசி சான்று வைத்திருப்பவர்கள் தங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஷின்களுக்கு ரூ.4 லட்சம், நடைமுறை மூலதனம் (சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம்) ரூ.2 லட்சம், ஆக ரூ.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊராட்சிப் பகுதியில் யூனிட் போடும் ஒரு பெண் ரூ.30,000 கட்டினால் போதும். வங்கி ரூ.5,70,000 கடன் தரும். மானியம் ரூ.2,10,000. அதே பெண் மாநகராட்சி எல்லைக்குள் கடை பிடித்தால் மானியம் ரூ.1,50,000 ஆகிவிடும். பொதுப் பிரிவு ஆண் நகரத்தில் தொடங்கினால் கையிலிருந்து ரூ.60,000 போட வேண்டும், மானியம் ரூ.90,000.

கிராமம், நகரம் என்ற பிரிவு 2022-ல் எளிதாகிவிட்டது. ஊராட்சி அமைப்புகளின் கீழ் வரும் பகுதி கிராமம். நகராட்சி நிர்வாகத்தின் கீழ் வருவது நகரம். திருப்பூர் மாதிரி ஊரில் மாநகராட்சி எல்லை முடிகிற இடத்திலேயே ஊராட்சி தொடங்கிவிடும். வாடகை ஒப்பந்தம் போடும் முன் கட்டடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு மேலே சொன்ன கணக்கில் ரூ.60,000 மிச்சம். பிரிண்டிங் யூனிட்டுக்கு மெயின் ரோட்டுக் கடை தேவையே இல்லை. ஆர்டர் பெரும்பாலும் போனில் வருகிறது.

மானியம் போகும் வழி

மானியப் பணம் உங்கள் கைக்கு வராது. வங்கி முதலில் கடன் முழுவதற்கும் அனுமதி தருகிறது. நீங்கள் சொந்தப் பங்கைக் கட்டி, தொழில்முனைவோர் பயிற்சியையும் முடிக்க வேண்டும். திட்டம் ரூ.5 லட்சம் வரை என்றால் 5 நாள், அதற்கு மேல் என்றால் 10 நாள் பயிற்சி, ரூ.2 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு விலக்கு உண்டு. கடனின் முதல் தவணையை விடுவித்த பிறகு வங்கி மானியத்தைக் கேட்டு வாங்கும். வந்த பணம் உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருடம் பூட்டிக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி இல்லை. பதிலுக்கு, அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடாது. மேலே சொன்ன பெண்ணுக்கு ரூ.5,70,000 கடன் இருந்தாலும் ரூ.3,60,000-க்குத்தான் வட்டி ஓடும். மூன்று வருடம் முடிந்து, யூனிட்டை நேரில் பார்த்துச் சரி என்று அறிக்கை போன பிறகுதான் ரூ.2,10,000 கடனில் கழியும். அதுவரை தவணை உங்கள் வருமானத்திலிருந்துதான் போக வேண்டும். கடனைத் திருப்பிக் கட்ட, தவணை கட்ட வேண்டாத ஆரம்ப விடுப்புக் காலம் போக 3 முதல் 7 வருடம் வரை அவகாசம் உண்டு. வங்கி மூன்று வருடத்தில் முடிக்கச் சொன்னால், ஐந்து வருடமாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுக்கு வருகிறவர் மெஷின் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்ப்பார். இந்தத் திட்டத்தில் கடன் பெற்ற யூனிட் என்று வாசலில் போர்டு இருக்க வேண்டும் என்பதும் விதி. கடையை மூடிவிட்டு மெஷினை விற்றவருக்கு மானியம் நிலைக்காது.

பலர் கவனிக்காமல் விடுவது நடைமுறை மூலதன விதியை. நடைமுறை மூலதனத்தை வங்கி கேஷ் கிரெடிட்டாக, அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடனாகத் தருகிறது. மானியம் பூட்டிக் கிடக்கும் அந்த மூன்று வருடத்துக்குள் கேஷ் கிரெடிட் வரம்பை ஒரு முறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மானியம் கூடும் என்று திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தை ஊதிப் பெருக்கினால், பயன்படுத்தாத பங்குக்கான மானியத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அறிக்கை எழுதித் தரும் ஆடிட்டர் ஆபீஸ்கள் இதைச் சொல்வதில்லை.

திட்ட அறிக்கையை நீங்களே உட்கார்ந்து எழுதுவது இதனால்தான் நல்லது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன் தயார் செய்ய வேண்டும். பத்து பீஸுக்குக் கட்டாது, காலேஜ் விழாவுக்கு 300 பீஸ் என்றால் அதை அடித்துக்கொள்ள முடியாது. டிடிஎஃப் ஒற்றை பீஸுக்கும் வளைந்து கொடுக்கும். ஆனால் அதன் வெள்ளை இங்க்கில் நிறமி அடியில் படியும். நாலு நாள் ஓட்டாமல் போட்டால் இங்க்கைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், ஹெட் மாற்றும் செலவு சின்னதல்ல. சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை) வெளிர் நிற பாலியஸ்டரில்தான் நிற்கும்; காட்டனில் நிற்காது. யாருக்கு, மாதம் எத்தனை பீஸ் என்பதை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தகுந்த கொட்டேஷன் இணைத்தால் மேனேஜர் கேட்கும் கேள்விக்குப் பதில் உங்களிடமே இருக்கும். இடம் வாங்கும் செலவைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. ஆயத்தமாக இருக்கும் ஷெட்டின் வாடகையை மூன்று வருடம் வரை சேர்க்கலாம்.

விண்ணப்பம் கேவிஐசி இணையதளத்தில் மட்டுமே, கட்டணம் இல்லை. ஆதார், பான், சாதிச் சான்று, கல்விச் சான்று, கிராமப்புறம் என்பதற்கான சான்று, திட்ட அறிக்கை, கொட்டேஷன் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். லோன் வாங்கித் தருகிறேன் என்று சதவீதம் பேசும் ஏஜெண்டுக்கு இதில் இடமே கிடையாது. இடைத்தரகர் யாரையும் நியமிக்கவில்லை என்று ஆணையமே அறிவித்திருக்கிறது. அலுவலகம் பரிந்துரைக்கும், முடிவெடுப்பது வங்கி. ஆகவே விண்ணப்பத்தில் எந்தக் கிளையைக் குறிக்கப் போகிறீர்களோ, அந்த மேனேஜரை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடுங்கள். ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் சிபில் ஸ்கோரைப் பார்ப்பார்கள். திட்டத்துக்கான ஒப்புதல் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வழங்கப்பட்டது என்பதால், பணம் கட்டி எதையும் உறுதி செய்யும் முன் இணையதளத்தில் புதிய விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று பாருங்கள்.

கடன் கிடைத்த பிறகு வரும் சில்லறை விஷயங்கள். வீட்டு மின் இணைப்பில் ஹீட் பிரஸ் ஓட்டக் கூடாது. மின்வாரியத்தில் கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும். ஸ்கிரீன் கழுவும் தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா என்று திருப்பூர்க்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவு அங்கே யாருக்கும் மறக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஜிஎஸ்டி பதிவு, பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு ரூ.40 லட்சம், சேவைக்கு ரூ.20 லட்சம் தாண்டினால் கட்டாயம்; வெளிமாநிலத்துக்கு டி-ஷர்ட் விற்றால் முதல் பீஸிலிருந்தே கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரை விலையுள்ள ஆடைக்கு 5% வரி. ஐபிஎல் அணி லோகோ, கார்ட்டூன் படம் எதையும் அனுமதி இல்லாமல் அடிக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது.

ஏற்கனவே தொழில் நடத்துகிறவர்களுக்கு முத்ரா கடன் உண்டு. அதில் மானியம் இல்லை. எஸ்சி, எஸ்டி பிரிவினர் என்றால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35% மானியத்தோடு 6% வட்டிச் சலுகையும் தருகிறது. நடக்கும் தொழிலை விரிவாக்கவும் அதில் வழி இருப்பதால், அவர்கள் பிஎம்இஜிபிக்கு முன் அதைப் பார்ப்பதுதான் லாபம். மாநில அரசின் யுஒய்இஜிபி எனப்படும் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25% மானியம், உச்சவரம்பு ரூ.3.75 லட்சம். நகரத்தில் தொடங்கும் பொதுப் பிரிவினருக்கு பிஎம்இஜிபியின் 15 சதவீதத்தை விட இதுவே மேல். வயது, வருமானத் தகுதிகள் பொருந்துகின்றனவா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு யூனிட்டுக்கு இரண்டு திட்டத்திலும் மானியம் வாங்க முடியாது.