மின்படிவு: முலாம் என்றே சொன்னால் என்ன?

தங்க முலாம், நிக்கல் முலாம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு எலெக்ட்ரோடெபாசிஷன் என்பதற்கு வழங்கும் மின்படிவு என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும். மின்சாரத்தைக் கொண்டு ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றுவதுதானே இரண்டும்? கைக்குப் பழகிய சொல் இருக்க, புதிது எதற்கு? கவரிங் வளையலைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதுதான். மீக்கடத்திப் படலம், அதாவது மிகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருளின் மெல்லிய பூச்சு, செய்கிறவர்களின் கண்ணாடிக் குவளைக்குள் எட்டிப் பார்த்தால் அது நிற்காது.

முலாம் உருது வழியாக நம்மிடம் வந்தது. அங்கே அது முலம்மா. அதற்கும் பின்னால் ‘ஒளிர்தல்’ என்ற பொருளுள்ள அரபு வேர். தமிழில் மின்னுவதும் ஒளிர்வதுதான். ஆக, மின்முலாம் என்று எழுதுகிறவர் அறியாமலே பளபளப்பை இரண்டு முறை சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லின் உயிரும் பளபளப்பில்தான் இருக்கிறது: உள்ளே பித்தளை, மேலே தங்கம், தொட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் வேலை முடிந்தது.

படிவு அப்படிப்பட்ட சொல் அன்று. தூசி படிகிறது, பனி படிகிறது, ஆற்றங்கரையில் வண்டல் படிகிறது. அழகுக்காக எதுவும் படிவதில்லை. பள்ளி வேதியியலில் நாம் படித்த வீழ்படிவும் இந்தக் குடும்பமே. டெபாசிட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் இருப்பது ‘கீழே வைத்தல்’ என்ற லத்தீன் வினை. அதனால்தான் அங்கே வங்கிப் பணத்துக்கும் உலோகத்துக்கும் ஒரே சொல். நாம் பணத்துக்கு வைப்பு என்றும், உலோகத்துக்குப் படிவு என்றும் பிரித்துக்கொண்டோம். நல்லதுதான், மின்வைப்பு என்றால் யாரோ மின்சாரத்தைச் சேமித்து வைத்தது போல இருக்கும். (படிகமும் படிவின் உறவு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஸ்படிகத்திலிருந்து வந்தது.)

படிதல் தானாக நடப்பது, படிவித்தல் நாம் நடத்துவது. இந்த வேறுபாடு எங்கே வேண்டியிருக்கிறது என்பதற்கு இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தியே சாட்சி. முதல் மூன்றும் 1:2:3 என்ற கணக்கில் தகட்டில் ஏற வேண்டும். செம்புக்கு அவசரம், அதன் திட்ட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட் (இந்த எண் எவ்வளவு கூடுதலோ, உலோகம் அவ்வளவு எளிதில் படியும்). இட்ரியத்துக்கு −2.37, பேரியத்துக்கு −2.9. நீரில் இதைச் செய்யப் போனால் மற்ற இரண்டும் அசைவதற்கு முன்பே நீர் சிதைந்து ஹைட்ரஜன் கொப்பளிக்கும். மீறிப் பேரியம் ஏறினாலும் நீரோடு வினைபுரிந்து போய்விடும். எனவே நைட்ரேட் உப்புகளை டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரிமத் திரவத்தில், நீரில்லாமல், கரைத்து, எதிர்மின்வாயில் மூன்று நான்கு வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறார்கள். செம்பு முந்திக்கொள்ளாமல் இருக்கக் கரைசலில் அதைக் குறைத்தே போடுகிறார்கள். கரைசலில் இருக்கும் விகிதம் வேறு, தகட்டில் ஏறும் விகிதம் வேறு. அதைக் கணித்துப் பிடிப்பதில்தான் இந்த வேலையின் பாதித் தலைவலி. பேரியம் தானாகப் படிவதில்லை, படிவிக்கப்படுகிறது. ஆகவே செயலை மின்படிவித்தல் என்றும், தகட்டில் கிடைப்பதை மின்படிவு என்றும் எழுதுவது என் வழக்கம்.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த படிவை எடுத்துத் திரவ நைட்ரஜனில் வைத்துக் குளிர்வித்தால் ஒன்றும் நடக்காது. அது மீக்கடத்தியே அல்ல, மூன்று உலோகங்களின் கலவை மட்டும். முலாம் என்ற சொல் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். தொட்டியில் அரிசியும் பருப்பும் அளந்து போட்டாயிற்று, பொங்கல் இனிமேல்தான்.

பொங்கல் வேகும் அடுப்பு, ஆக்சிஜன் ஓடும் குழாய் உலை. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் உலோகங்கள் ஆக்சைடாகிச் சேர்மம் உருவாகிறது. அடியில் வெள்ளித் தகட்டை வைப்பதற்குக் காரணம் பகட்டு இல்லை. வெள்ளி இந்தச் சேர்மத்தோடு வம்புக்குப் போகாது, ஆக்சிஜனையும் தன் வழியே விடும். ஆனால் 961 டிகிரியில் உருகிவிடும் என்பதால் உலையை அதற்குக் கீழேயே பிடித்து வைக்க வேண்டும். பிறகு மெல்ல ஆறவிடும்போது, ஏறத்தாழ 500 டிகிரியில், படலம் இன்னும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு மூலக்கூற்று வாய்பாட்டுக்கு 6 ஆக்சிஜன் அணுக்கள் இருந்தால் அது மின்காப்புப் பொருள். 7-ஐ நெருங்கினால் ஏறத்தாழ 92 கெல்வினில் மின்தடையே இல்லாத கடத்தி. ஓர் அணுவில் அத்தனை மாற்றம்.

அனீலிங் என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்தச் சூடேற்றலுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘தீ மூட்டு’ என்பதுதான் பொருள். மெல்ல ஆற்றுவது என்ற கருத்து பிறகே வந்து சேர்ந்தது. தமிழில் வெறும் வெப்பப்படுத்தல் என்றால் பாதிதான் வரும். கொல்லர்களின் தோய்ச்சலும் உதவாது. பழுக்கக் காய்ச்சி நீரில் முக்குவது போல இந்தப் படலத்தைச் சட்டென்று குளிர்வித்தால், ஆக்சிஜன் குறைந்த நிலையிலேயே அது உறைந்து கெட்டுவிடும். பாகுக்கும் களிமண்ணுக்கும் நாம் சொல்கிற பதம்தான் இங்கே வேண்டிய சொல். பதனாற்றுதல் என்ற ஆக்கம் எனக்குப் பிடித்தது. அதையே பதனாற்றல் என்று சுருக்கினால் இயற்பியல் மாணவர் அதை ஒரு வகை ஆற்றல் என்று படித்துவிடுவார்.

மீக்கடத்தியில் உள்ள மீக்குச் சிபாரிசு தேவையில்லை. மேல், உயர்வு என்று பொருள்படும் பழைய சொல் அது. திருக்குறளில் ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்று வருகிறது, க் மிகுவதற்கும் அங்கேயே முன்மாதிரி. 1911-இல் லெய்டனில் காமர்லிங் ஆனஸ் 4.2 கெல்வினில் பாதரசத்தின் மின்தடை மறைந்ததைக் கண்டார். அவர் அந்த நிலைக்கு முதலில் வைத்த பெயரில் இருந்த முன்னொட்டு சூப்பர் அல்ல, சுப்ரா. ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றும் அதை விடவில்லை. சுப்ராவுக்கு மீ அச்சாகப் பொருந்துகிறது. மிகைகடத்தி என்று எழுதுவது பிழை: இங்கே கடத்தல் கூடவில்லை, தடை இல்லாமல் போயிற்று.

எனக்கு நெருடுவது, தின் ஃபிலிம் என்பதற்கு வழங்கும் மென்படலம்தான். கண்ணில் விழும் படலம்போல ஒன்றை மூடிக் கிடப்பது என்ற அளவில் படலம் சரி. மென்மைதான் இடிக்கிறது, இந்தப் பொருள் பீங்கான் சாதி, வளைத்தால் விரிசல் விடும். மெல்லிய துணி, மெல்லிய தகடு என்று தடிமனையும் அந்த அடிச்சொல்லால் குறிக்கிறோம் என்று சமாதானம் சொல்லலாம். நான் மெல்லிய படலம் என்றே பிரித்து எழுதுகிறேன்.

தொடரில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்: “வெள்ளித் தகட்டில் இட்ரியம், பேரியம், செம்பு மூன்றையும் மின்படிவித்து, அந்தப் படிவை ஆக்சிஜன் ஓட்டத்தில் பதனாற்றி, மெல்லிய மீக்கடத்திப் படலம் பெறப்பட்டது.” கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் படலங்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் தாலியம் என்ற உலோகம் சேர்ந்த மீக்கடத்தி வகையையும் இப்படிச் செய்தார்கள். தாலியம் சூட்டில் ஆவியாகிப் போகும் என்பதால், அங்கே உலையில் தாலியம் ஆவியையும் நிரப்பியே பதனாற்ற வேண்டும். அது நஞ்சு.