டேட்டா சென்டர் வருகிறது என்று தோட்டத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் பவர் பத்திர நகலோடு, அதாவது தன் நிலத்தைக் கையாள இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தின் நகலோடு, கோத்தகிரியில் என் அலுவலகத்துக்கு வந்தார். அரை ஏக்கர் தேயிலை. டேட்டா சென்டர், அதாவது இணையத் தகவல்களைச் சேமிக்கும் கணினிகளை அடுக்கி இரவுபகல் ஓட்டும் கட்டடம், வருகிறதாம், பையனுக்கும் மருமகளுக்கும் வேலை உறுதியாம். பத்திரத்தில் நிறுவனத்தின் பெயர் எங்குமே இல்லை. இவருடைய கையெழுத்து மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. முன்பு செல்போன் கோபுரம் வைக்கிறோம் என்று சுற்றிய அதே தரகர்கள்தான், இப்போது சரக்கை மாற்றியிருக்கிறார்கள்.

"இங்கே குளிர், ஏசி செலவு மிச்சம், அதனால் கம்பெனிக்காரன் மலையேறி வருவான்." இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குளிர்தான் முக்கியம் என்றால், வெயில் கொளுத்தும் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் ஏன் இருக்கின்றன? சிங்கப்பூரிலிருந்து கடலடியில் வரும் கேபிள்கள் சென்னையில்தான் கரையேறுகின்றன. அங்கே கண்ணாடி இழையைப் பல வழிகளில் கொண்டுவரலாம், மின்சாரத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட துணைமின் நிலையங்களிலிருந்து வாங்கலாம். ஒன்று அறுந்தால் இன்னொன்று. நம் மலைக்கு எத்தனை வழி? 2009 நவம்பரில் மண் சரிந்து சாலைகள் துண்டானதை அதற்குள் மறந்துவிட்டோமா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே? பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுக்கிறார்களே என்பார்கள். எடுக்கிறார்கள், அது மாநிலத் தொகுப்புக்குப் போகிறது. அணை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் தோட்டத்துக்கு இரவுபகல் ஓயாத மின்சாரம் வந்துவிடாது.

சட்டமும் இடம் கொடுக்காது. நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது, ஆழ்துளைக் கிணறு தோண்டத் தடை, ஜேசிபி இறக்கவே ஆட்சியர் அனுமதி வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் அங்கேயும் கோப்பு போக வேண்டும். தரகரிடம் இவற்றில் ஒரு காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சமவெளியில் இப்படி ஒன்று வந்தால் ஊருக்கு நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளாட்சிக்குச் சொத்து வரி வரும், துணைமின் நிலையம் வலுப்படும், சாலை விரியும், கட்டி முடிக்கும்வரை கூலி வேலை இருக்கும். அதன்பிறகு உள்ளே இருப்பவை இயந்திரங்கள். காவலர், எலக்ட்ரீஷியன், குளிரூட்டிகளைப் பராமரிப்பவர் என்று கொஞ்சம் பேர் போதும். வீட்டுக்கொரு வேலை எங்கிருந்து வரும்?

நமக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது பாரத்நெட். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் அது. குன்னூர் தேயிலை ஏலமே கணினித் திரைக்கு மாறிவிட்டது; உங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கிறார்கள். ஊராட்சி அலுவலகம்வரை இழை வந்துவிட்டதா, வீடுகளுக்கு எப்போது இணைப்பு என்று கிராம சபையில் கேளுங்கள். தரகரிடம் கேட்கும் உரிமையோடு அங்கேயும் கேட்கலாம், தப்பில்லை.

வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யாருக்கும் "அனுமதிக் கட்டணம்" கட்டாதீர்கள். நிலத்தைக் கேட்டு வருகிறவன் உங்களிடம் ஏன் பணம் வாங்க வேண்டும்? பவரை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அட்வான்ஸ் எதையும் தொடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரை ரத்து செய்வதற்குள் எங்களுக்கே மூச்சு முட்டிவிடும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். என்னிடமே வர வேண்டும் என்றில்லை.