விமர்சனம் எங்கே போய்ப் படுகிறது?

“மூன்றாம் வரியில் இரண்டு உவமைகள் ஒன்றையொன்று மறைக்கின்றன” என்று ஒருவர் சொன்னால் கவிஞருக்கு உடனே வேலை கிடைக்கிறது. ஒன்றை வெட்டலாம், இரண்டையும் தள்ளி வைக்கலாம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டும்விடலாம். “இவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது” என்றால்? திருத்த ஒன்றுமில்லை. மனம் வரியை விட்டுத் தன்னையே எடைபோடத் தொடங்கும்.

சேதம் அங்கேதான் ஆரம்பம். ஒரு வேலை செய்யும்போது மனம் தற்காலிகமாக ஏந்தி வைத்திருக்கும் செயல்நினைவில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் நிற்கும். எழுதும்போது ஓசை, படிமம், வரி முறியும் இடம், அடுத்த சொல் என்று அது ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ‘அவர் என்ன சொல்வாரோ’ என்பது உள்ளே நுழைந்தால் வேறொன்று வெளியேறும். பழகிப்போன சொல் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உளவியல் ஆய்வாளர்கள் குளுகர், டெநிசி இருவரும் 1996இல் பின்னூட்ட ஆய்வுகளைத் தொகுத்து 607 அளவீடுகளைப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. பாராட்டா, கண்டனமா என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. கவனம் வேலையிலிருந்து ஆளை நோக்கி நகர நகரப் பலன் குறைந்தது. ஆளைப் புகழ்வதும் இதே வழியில் கெடுக்கும்: கைதட்டல் வாங்கிய உத்தியையே கவிஞர் திரும்பத் திரும்ப எழுதுவார்.

உளவியலாளர் தெரசா அமபிலே 1985இல் வெளியிட்ட சோதனையில் 72 எழுத்தாளர்கள் ஆளுக்கு இரண்டு குறுங்கவிதைகள் எழுதினார்கள். இடையில் ஒரு குழு, எழுதுவதற்கான புகழ், பணம் போன்ற வெளிக்காரணங்களின் பட்டியலை வரிசைப்படுத்தியது. அந்தக் குழுவின் இரண்டாவது கவிதைகளில் படைப்பூக்கம் குறைந்தது. ஒரு பட்டியலே போதுமாக இருந்தது!

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸை விமர்சனம் கொன்றது என்பது கட்டுக்கதை, கொன்றது காசநோய். 1818இல் கடுமையாகத் தாக்கப்பட்டவர், அடுத்த ஆண்டே தன் மிகச் சிறந்த பாடல்களை எழுதினார். கவிஞர் எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1922இல் வெளிவருமுன் சக கவிஞர் எஸ்ரா பவுண்ட் கைப்பிரதியில் வரிவரியாக அடித்துக் குறித்திருந்தார். கவிதை வெகுவாகச் சுருங்கியது, வலுத்தது.

நேரமும் முக்கியம். முதல் வரைவு முடியுமுன் யாருக்கும் காட்டாதிருப்பது நல்லது. முடிந்தபின் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் தீர்ப்புதான் கிடைக்கும், “எங்கே தடுக்கியது?” என்று கேட்க வேண்டும். மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால் பழுது அங்கேதான். அவர்கள் சொல்லும் மூன்று தீர்வுகளும் தவறாக இருக்கலாம். இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.