தென்னையின் உச்சிக்குத் தண்ணீர் ஏறும் வழி

வட்டப்பாத்தியில் பாய்ச்சும் தண்ணீர் இருபது மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓலைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, மரத்துக்குள் இதயம் போல ஏதாவது துடிக்கிறதா என்று பள்ளி மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பார்ப்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் தாவரவியல் அறிஞர்களை நெடுங்காலம் இரண்டு அணிகளாகப் பிரித்து வைத்த கேள்வி அது.

வேர் நீரை உறிஞ்சுகிறது, சைலம் என்னும் நீர்க்குழாய்த் திசு மேலே கடத்துகிறது, இலைத்துளைகள் வழியே அது ஆவியாகிறது என்பது வரை எல்லோரும் படித்ததே. மேலே ஏற்றும் விசை எது என்று கேட்டால், பலரும் முதலில் தந்துகிக் கவர்ச்சியை, அதாவது மெல்லிய குழாயில் நீர் தானே மேலேறுவதைச் சொல்வார்கள். 0.1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அது நீரை ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே ஏற்றும். அடுத்தது வேரழுத்தம். அது உண்மையில் உண்டு. அதிகாலையில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் பலவும் பனியல்ல, வேரழுத்தம் வெளியே தள்ளிய நீரே. ஆனால் மரத்துக்கு மிகுதியாக நீர் தேவைப்படும் நண்பகலில் அந்த அழுத்தம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. உறிஞ்சும் பம்பைப் போன்றது என்று கொண்டாலும், வளிமண்டல அழுத்தத்தால் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது.

விடை இலைக்குள் இருக்கிறது. ஓலையின் உள்ளே, செல்களின் சுவர்கள் செல்லுலோஸ் இழைகளால் நெய்யப்பட்டு நீரில் ஊறியிருக்கின்றன. அந்த இழைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் சில நானோமீட்டர் அளவே. வெயிலில் நீர் ஆவியாகும்போது, ஒவ்வோர் இடைவெளியிலும் எஞ்சியுள்ள நீரின் மேற்பரப்பு உட்புறமாக வளைகிறது. துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வலுவாக அந்த வளைவு பின்னாலுள்ள நீரை இழுக்கிறது; பத்து நானோமீட்டர் ஆரமுள்ள துளை நூறு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான இழுவையைத் தாங்கும். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், ஓலையில் தொடங்கிய இழுவை, கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் வாளி எழுவது போல, வேர் வரைக்கும் இறங்குகிறது. நண்பகலில் மரத்துக்குள் இருக்கும் நீர் தள்ளப்படும் நீரல்ல. இழுத்து நீட்டப்பட்டு விறைப்பாக நிற்கும் நீர். அந்த இழுவையில் குழாய்கள் நசுங்காதிருக்கவே அவற்றின் சுவரில் லிக்னின் என்னும் உறுதிதரும் பொருள் படிந்திருக்கிறது. பல மரங்களில் அடிமரத்தின் சுற்றளவே பகலில் மிக நுட்பமாகக் குறைந்து இரவில் மீள்வதை இன்று கருவிகளால் அளக்க முடிகிறது. இத்தனைக்கும் மரம் தன் சேமிப்பிலிருந்து ஆற்றல் செலவழிப்பதில்லை. சூரியனே அந்த வேலையைச் செய்கிறது.

அயர்லாந்தின் டப்ளினில் டிக்சன், ஜோலி என்னும் அறிவியலாளர்கள் 1894-இல் இக்கருத்தை முன்வைத்தனர். அதற்குச் சற்று முன்பே ஜெர்மனியின் பான் நகரில் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய உயரமான மரத்தின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்தி, வழியிலுள்ள உயிருள்ள செல்கள் மடிந்த பிறகும் திரவம் மேலேறுவதைக் காட்டியிருந்தார். மாணவியின் 'இதயம்' என்ற எண்ணம் நம் நாட்டிலும் பெருமை பெற்ற ஒன்று. ஜகதீஷ் சந்திர போஸ் 1923-இல், தண்டின் உயிருள்ள செல்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று விரிவாக எழுதினார். பின்வந்த சோதனைகள் அதை ஏற்கவில்லை. அவருடைய கருவிகளின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த மதிப்பைக் காட்டுவதாக எண்ணி, தாவரங்களுக்கு இதயம் உண்டென்று அவர் நிரூபித்துவிட்டதாகப் பரப்புவது அவருக்கும் அறிவியலுக்கும் செய்யும் கேடு.

தென்னையில் இந்தக் கதை இன்னும் வியப்பானது. வேம்பும் தேக்கும் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்னும் வளர்படலத்தைக் கொண்டிருப்பதால், புதுப்புது சைலக் குழாய்களை உருவாக்கிக்கொண்டே பருக்கின்றன. ஒருவித்திலைத் தாவரமான தென்னைக்குக் கேம்பியம் இல்லை. ஏறுவதற்காக அடிமரத்தில் காலடிப் பள்ளங்கள் வெட்டிய பழைய தென்னையை அருகில் நின்று பாருங்கள்: எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்தப் பள்ளம் மூடியிருக்காது, ஓரங்களில் புதுச் சதை வந்து சூழ்ந்திருக்காது. அறுத்த தென்னந்துண்டில் ஆண்டு வளையங்களும் இரா. கரும்பழுப்புப் புள்ளிகள் சிதறித் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாற்றுக்குழாய்த் திரள். அறுபது வயது மரத்தின் அடியிலுள்ள குழாய்கள், அது இளங்கன்றாக இருந்தபோது உருவானவை. அவற்றுக்கு மாற்று கிடையாது.

இழுவையிலுள்ள நீருக்குப் பெரிய ஆபத்து காற்றுக்குமிழி. வறட்சியில் இழுவை மிகும்போது ஒரு குழாயில் குமிழி நுழைந்தால் நீர்த்தொடர் அறுந்து அந்தக் குழாய் பயனற்றுப் போகும். குழாய்களுக்கு இடையேயுள்ள நுண்சவ்வுகள், நீரைக் கடக்கவிட்டுக் குமிழியைத் தடுத்து, சேதத்தை அங்கேயே நிறுத்தப் பார்க்கின்றன. வேம்பு அடுத்த பருவத்தில் புதுக் குழாய் செய்துகொள்ளும், தென்னையால் முடியாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபின் தமிழகத்தில் தென்னைகள் கொண்டை சாய்ந்து பட்டுப்போனதைப் பார்த்தவர்களுக்கு, இது ஏட்டுச் செய்தி அல்ல என்பது விளங்கும். காய்ப்பைக் கூட்டும் ஆய்வுக்குக் காசு தேடுவது எளிது. ஒரு மரத்தின் குழாய்களை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கும் ஆய்வுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ரகம் எவ்வளவு வறட்சி தாங்கும் என்பதற்கான விடையின் ஒரு பகுதி அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது.

பனைக் குடும்பத்து மரங்களில் வேரழுத்தம் மிகுந்திருப்பதாக ஆய்வாளர் டி. ஏ. டேவிஸ் 1961-இல் எழுதினார். பகலில் உச்சிக்கு நீர் ஏற்ற அது உதவாவிட்டாலும், ஆவியாதல் நின்றுபோன ஈரமான இரவுகளில், குமிழி புகுந்த குழாய்களைக் கீழிருந்து மீண்டும் நிரப்ப அது துணைபுரியலாம். வேர்களைத் தென்னை தூரிலிருந்து புதிதாக விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலைகள் அளவில் உச்சியும் புதிதாகிறது. இவ்விரண்டு இளமைக்கும் நடுவே நீரைக் கடத்துவது அதே பழைய தண்டுதான்.