சுக்கர் இருக்கும் சரிவில் நாயின் பாதத்தைக் கவனியுங்கள்

அமெரிக்க மாநிலமான ஐடஹோவின் தென்மேற்கில், சுக்கர் என்ற கௌதாரிப் பறவையின் வேட்டை சீசன் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முன்பே, வேட்டைநாய்க்குத் தடுப்பூசி போட என்னிடம் வருகிறவர்கள் "பறவை இந்த வருஷம் எந்தப் பக்கம் டாக்டர்?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வேட்டையாடப் பொதுநிலத்துக்குக் குறைவில்லை. மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறையிடம் மட்டுமே சுமார் 24.5 கோடி ஏக்கர், பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். ஆனால் பறவை அதில் சில சரிவுகளில்தான் இருக்கும்.

பாறை, செங்குத்தான சரிவு, தண்ணீர், சீட்கிராஸ் என்ற காய்ந்த புல். இவை சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள் என்பேன். சீசன் தொடக்கத்தில், வெயில் காயும்போது, தண்ணீரை ஒட்டித் தேடலாம். மழை பெய்து புல் துளிர்த்துவிட்டால் பறவைக்குத் தண்ணீர் பெரிய விஷயமில்லை, மலை முழுக்கச் சிதறிவிடும். பனி விழுந்த பிறகு தெற்கு பார்த்த சரிவுகள்; அங்கேதான் முதலில் தரை தெரியும். சுக்கர் மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். கீழேயிருந்து துரத்தினால் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். முதலில் மேலே ஏறிவிட்டு, அதே உயரத்தில் குறுக்காக நடங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புல்லும் இந்தப் பறவையும் அமெரிக்க மண்ணுக்குச் சொந்தமில்லை. புல், கடல் கடந்து வந்த களை. பறவை நம் இமயமலைப் பக்கத்துக் கௌதாரி இனம்; 1893-ல் கராச்சியிலிருந்துதான் முதலில் இங்கே கொண்டுவந்தார்கள். காவியங்களில் சகோரம் என்ற பெயரில் நிலவொளியைப் பருகிய பறவை, இங்கே களைப்புல்லைத் தின்று பிழைக்கிறது!

அந்தப் புல்தான் நாய்களை என் மேசைக்கு அனுப்புகிறது. சீட்கிராஸ் விதையின் நுனியில் ஊசிபோல நீண்ட சுணை இருக்கும். அதில் பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய முட்கள். அதனால் தோலுக்குள் நுழைந்தால் முன்னே மட்டும்தான் போகும், திரும்பி வராது. விரல்களுக்கு நடுவே ஒரு சின்னச் சிவப்புக் கொப்புளம், நாய் ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வடியும், மாத்திரை முடிந்ததும் மறுபடி வீங்கும். அப்படி வந்தால் உள்ளே விதை இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். எக்ஸ்ரேயில் அது தெரியாது. நாயை மயக்கி, வீக்கத்தைத் திறந்து, இடுக்கியால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

எனவே வேட்டை முடிந்ததும் வண்டியின் பின்கதவிலேயே நாயைப் படுக்கவைத்துப் பாருங்கள். மோட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்க்கவே மாட்டீர்கள். விரலிடுக்கு, காது, அக்குள், இமைக்கு உள்பக்கம். செட்டர், ஸ்பானியல் மாதிரி முடி அடர்ந்த நாய் என்றால் பாதத்து முடியைச் சீசனுக்கு முன்பே கத்தரித்துவிடுங்கள். திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மினாலோ, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் போன விதை செவிப்பறையையே கிழித்துவிடும்.

அப்புறம், செப்டம்பர் வெயிலில் குட்டைத் தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல இருந்தால் நாயைக் கிட்டவே விடாதீர்கள். அந்தப் பாசியின் விஷம் சில மணி நேரத்தில் நாயை முடித்துவிடும். நாய்க்கான தண்ணீரை நீங்களே சுமந்து போங்கள்.

மூச்சோடு உள்ளே போன விதை நுரையீரலில் சீழ் கட்டவைக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். சீசன் முடிந்த பிறகு நாய் இருமினாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, அது சீட்கிராஸ் சரிவில் ஓடிய நாய் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.